காஸ் தாங்கி வீட்டில் பெருங்காய மணம்

ராசா,

நாளைக்கு இந்த அறையை விட்டுப் போகிறோம். மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிட்டதால் உன்னைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு போர்வையில் கிடத்தியிருக்கிறேன். லா சப்பல் பாலத்தில் மெத்ரோ ரயில் போகிற ஒவ்வொரு தடவையும் யன்னல் கண்ணாடி அதிர்கிறது. நீ அதற்குப் பழகிப்போனாய். அதிர்வு நின்றால்தான் கண் விழிக்கிறாய். உனக்குப் பத்து மாதம், எனக்கு இருபத்தாறு வயது. நீ இதை வாசிக்கும்போது உனக்கு என்னுடைய இன்றைய வயது வந்திருக்கலாம், அதைத் தாண்டியும் இருக்கலாம். ஒருநாள் தனக்கென்று வீடு பார்க்கப் போகிற ஒரு பெரிய மனிதனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவனை எனக்கு இன்னும் தெரியாது. அதனாலோ என்னவோ, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்ல முடியாததை அவனிடம் சொல்ல வாய் வருகிறது.

நீ தமிழ் வாசிப்பாயோ என்பது எனக்குப் பெரிய கவலை. எனக்கு எல்லாமே கவலைதான், உன் அப்பாவைக் கேட்டால் சொல்லுவார். கீழ்மாடியில் இருக்கிற லூர்து அக்கா புதுச்சேரிக்காரி, இங்கே அரசாங்க வேலையில் இருக்கிறா. அவவின் இரண்டு பிள்ளைகளும் தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்த பிள்ளைகள், ஆனால் தாயின் கையெழுத்தை இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. நீயும் அப்படி வளர்ந்தால் இதை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேள். வெட்கப்படாதே. இந்தக் கடிதமே வெட்கத்தைப் பற்றியதுதான்.

எழுதக் காரணம், உன் அப்பா சொல்லித் திரிகிற ஒரு கதை. இன்று காலையும் பயணம் சொல்லப் போன இடத்தில், சரக்குக் கடை அண்ணைக்கு அதைச் சொன்னார். "இவ மட்டும் மணந்து சொல்லாட்டி, அண்ணை, நாங்கள் அஞ்சு பேரும் அண்டைக்கே சரி. இரசாயனம் படிச்ச மூக்கு!" என்றார். கடைக்கார அண்ணை தராசில் கையை வைத்தபடி, "அப்பிடியெண்டா தங்கச்சி, போக முதல் என்ர மூட்டையளையும் ஒருக்கால் மணந்து சொல்லிவிட்டுப் போங்கோ, எது பழசெண்டு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் அப்பாவுக்கு அலுக்கவே அலுக்காத கதை அது. உனக்குப் பேச்சு விளங்கத் தொடங்கியதும் உனக்கும் சொல்லுவார். ஒரு கதையை இருபது தரம் கேட்ட பிறகு அதற்குள் கைவைத்துத் திருத்த ஒருவராலும் முடியாது. அதுதான் இப்போதே எழுதுகிறேன். அவர் சொல்வதில் பொய் இல்லை. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் விடுபட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ ஒரு அடுக்களைத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாய்.

இந்த அறையின் ஒரு சுவர் எப்போதும் ஈரம். துடைத்தால் துணியில் கறுப்பாக ஒட்டும், இரண்டு நாளில் திரும்ப வரும். உனக்கு ஐந்தாம் மாதத்தில் தொடங்கிய இருமல் நிற்கவில்லை. மருத்துவரிடம் மூன்றாம் முறை போனபோது அவர் மருந்துத் துண்டு எழுதாமல், வீடு எப்படிப்பட்டது என்று கேட்டார். கூட வந்த லூர்து அக்கா எனக்குத் தமிழில் சொன்னா: "மருந்தை மாத்திப் பிரயோசனம் இல்லையாம்மா. வீட்டை மாத்தணுமாம்." அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான், உன்னை ஈரமில்லாத சுவருக்குள் கொண்டுபோய் வைப்பது. உன் அப்பா வேலை முடிந்து தினமும் அலைந்தார். சென் தெனியில் ஒன்று, லெ பிளாங்-மெனிலில் இரண்டு என்று பார்த்தோம். சம்பளக் கடுதாசியைக் கேட்டார்கள், கார்த் என்கிற வதிவிட அட்டையைக் கேட்டார்கள், கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார்கள், பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். ஒருவரும் அறிவிக்கவில்லை.

பிறகு ஒருநாள், அப்பா வேலை செய்கிற கன்ரீனின் தலைமைச் சமையற்காரர், தன் தமக்கையின் வீடு ஒன்று நாட்டுப்புறத்தில் சும்மா கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கார் து நோர் நிலையத்தில் ரயில் எடுத்தால் பொவே போகிற வழியில் ஒரு சின்ன ஊர். வயதான புருஷனும் பெண்சாதியும் வாடகைக்கு இருந்த வீடு, அவர்கள் மகளோடு போய்விட்டார்கள். "சுவர் காய்ஞ்ச சுவராம்," என்று அப்பா வந்ததும் வராததுமாகச் சொன்னார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "ஆனா அந்த ஊருக்குக் காஸ் குழாய் இல்லையாம். தோட்டத்திலை பெரிய தாங்கி நிக்குதாம், லொறி வந்து நிரப்பிப் போட்டுப் போகுமாம். அடுப்பு, சுடுதண்ணி, வீடு சூடாக்கிறது எல்லாம் அதிலைதான்."

"என்ன காஸ்?"

"ப்ரொப்பான் எண்டவை."

நான் தலையாட்டினேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கினவள் நான். மெதேன், எதேன், புரொப்பேன், பியூற்றேன் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவேன். அந்தப் புரொப்பேனும் இந்த ப்ரொப்பானும் ஒன்றுதான் என்று என் மூளை சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஒன்று பரீட்சைத் தாளில் இருந்தது, மற்றது யாரோ ஒரு மதாமின் தோட்டத்தில். இங்கே வந்து இறங்கிய நாள் தொடங்கி, நான் படித்தது எல்லாம் பெட்டியின் அடியில் மடித்து வைத்த கூறைச்சேலை மாதிரி ஆகிவிட்டது. எடுத்து உடுக்க இடம் இல்லை, அதனால் இருக்கிற நினைவும் இல்லை. நீ இரண்டு மொழியில் படிப்பாய், மூன்றாகவும் இருக்கலாம். ஒரு மொழியில் தெரிந்ததை மற்ற மொழியிலும் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார். எனக்கு அது தோன்றவில்லை.

இனி மணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்தில் நாங்கள் தாளித்தால் எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்தும். ஒரு சொல்லும் வராது, கதவு மட்டும் சாத்தும். அதனால் வெங்காயம் வதக்க முதல் எங்கள் கோட்டுகளைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கட்டப் பழகினேன். மெத்ரோவில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போனால், அவர் இறங்குகிற இடம் வந்திருக்கும் என்று நினைக்காமல் என் கையை முகர்ந்து பார்ப்பேன். உனக்கு மூன்றாம் மாதம் நிறை பார்க்கக் கொண்டுபோன இடத்தில், உடுப்பைக் கழற்றியதும் அங்கிருந்த பெண் உன் வயிற்றடியில் குனிந்தாள், முகத்தைச் சுருக்கினாள், பஞ்சை நனைத்துத் தொப்புளைச் சுற்றித் துடைத்தாள். வயிற்று ஊதலுக்கு நான் பூசிவிட்டிருந்த பெருங்காயம் அது. அவள் ஏசவில்லை. சிரித்துக்கொண்டேதான் துடைத்தாள். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சிரித்தபடியால் நானும் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு வெளியே கொண்டுபோகிற நாளில் உனக்குப் பெருங்காயம் பூசுவதை விட்டுவிட்டேன்.

வீடு பார்க்கப் போன அன்று மட்டும் பூசினேன். விடிய எழும்பினதில் இருந்து நீ காலை மடக்கி மடக்கி அழுதாய், வயிறு மேளம் போல இருந்தது. கட்டிப் பெருங்காயத்தில் ஒரு துண்டு கிள்ளிச் சுடுதண்ணீரில் கரைத்துப் பூசினதும் அடங்கினாய். லூர்து அக்கா தன் சின்னக் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தா, எங்களுக்குப் பிரெஞ்சு பேச ஆள் வேண்டுமே. கார்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் ஆகவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டா. "என்னம்மா பூசிவெச்சிருக்கே குழந்தைக்கு? காரு பூரா ரசம் கொதிக்குது!" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். உள்ளே சுருங்கிப்போனேன். உன் அப்பா மடியில் ஒரு சின்னப் பாத்திரத்தையும் ஒரு பெட்டிப் பாலையும் வைத்துக்கொண்டிருந்தார். அன்று நல்ல நாள், பன்னிரண்டு மணிக்கு முதல் நல்ல நேரம், வீடு பிடித்தால் அங்கேயே பால் காய்ச்சிவிடலாம் என்பது அவர் திட்டம். "தம்பி, பாத்துட்டு வரத்தான் போறோம், குடிபோகலை," என்று அக்கா சொல்லச் சொல்ல, "பிறகு நல்ல நாள் அடுத்த மாதம்தான் அக்கா," என்று பாத்திரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வீட்டுக்கார மதாம், அந்தச் சமையற்காரரின் தமக்கை, வாசலில் நின்றா. உயரமான மனுஷி, சேற்றுச் சப்பாத்து, தலையில் துணி. நாங்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்று காலையிலேயே வந்து தாங்கியைத் திறந்து வீட்டைச் சூடாக்கி வைத்திருப்பதாகச் சொன்னா. கொதிகலன் பின்பக்கத்துக் கொட்டிலில் இருந்தது. நல்ல மனம் படைத்தவ என்று நினைத்துக்கொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தேன்.

வைத்ததும் மணந்தது.

இதைத்தான் ராசா, உனக்குச் சொல்ல வேண்டும். குனிந்தபோது இல்லை, அடுப்படியில் இல்லை, வாசலிலேயே மணந்தது. பெருங்காயம் போல ஒன்று. மதாமின் மூக்கு ஒரு கணம் சுருங்கி, திரும்பச் சரியாகியதை நான் பார்த்தேன். எனக்குக் காது சுட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சால்வையை இழுத்து உன் வயிற்றை மூடினேன். மணம் வெளியே வராமல்.

பிறகு வீடு பார்த்தோம். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் வெளிச்சம். லூர்து அக்கா குழாய்களைத் திறந்து பார்த்தா, உன் அப்பா கதவுகளைத் திறந்து சாத்தினார், சுவரில் தட்டினார், ஏதோ தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். மதாம் முன்னறை யன்னலைத் திறந்து ஏதோ சொன்னா. "கொஞ்சம் காத்து வரட்டுமாம்," என்றா அக்கா, என்னைப் பார்க்காமல். வெளியே உறைபனி. அந்தக் குளிரில் யன்னலைத் திறக்கிறா என்றால் எங்களைத் தாங்க முடியவில்லை என்றுதானே அர்த்தம்? இந்த வீடும் கிடைக்கப்போவதில்லை என்று எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் உன் அப்பா, "அக்கா, தாங்கியை ஒருக்கால் பார்ப்பம், மதாமையும் வரச் சொல்லுங்கோ," என்று இரண்டு பேரையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மூச்சு வந்தது.

நான் உன்னோடு அடுக்களைக்குப் போனேன். இரண்டு படி கீழே இறங்க வேண்டிய அடுக்களை, சிவப்பு ஓடு பதித்த தரை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரின் அடியில் ஒரு சின்னக் கம்பித் தட்டி இருந்தது, காற்றுப் போக. அதற்குள் பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். முன்பு இருந்த கிழவனும் கிழவியும் குளிருக்கு அடைத்திருக்க வேண்டும். நான் அதைப் பார்த்தேன். பார்த்து, நல்ல வேலை செய்திருக்கிறார்கள், பிள்ளைக்குக் கீழ்க்காற்று அடிக்காது என்று நினைத்தேன். மணம் அங்கே இன்னும் கூட இருந்தது. சால்வைக்குள் உனக்கு வேர்த்துவிட்டது, அதனால் மணக்கிறது என்று நினைத்தேன். உன்னைப் போர்வையில் தரையில் விட்டேன்.

அப்பா பாத்திரத்தோடு வந்தார். பின்னால் வந்த மற்ற இரண்டு பேரும் படியிலேயே நின்றுவிட்டார்கள். பாலைக் கண்ட மதாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா விளக்க விளக்க, "கையெழுத்துப் போட முதலேயா?" என்று மதாம் கேட்டா. அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. "அடுப்பு எரியுதோ எண்டு பார்க்கத்தானே அக்கா வேணும்? தண்ணியோடை பார்க்கிறதைப் பாலோடை பார்ப்பம்."

"சாவி குடுக்கறதுக்கு முன்னாடியே குடிவந்துட்டீங்க தம்பி!" என்றா அக்கா. மதாமும் சிரித்தா. அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, நெருப்புப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்தபோது நீ தும்மினாய். திரும்பிப் பார்த்தால் போர்வையில் நீ இல்லை. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். குச்சியைப் பிடித்த கையோடு குனிந்து உன்னை இழுத்தேன். அப்போது அடித்த மணம் என் கண்ணைக் கரித்தது. உன்னைத் தூக்கித் தோளில் போட்டேன், உன் வயிறு என் மூக்கோடு இருந்தது. மணம் குறைந்தது. திரும்பக் குனிந்தேன். மணம் கூடியது. பெருங்காயம் என் தோளில் இருக்கிறது, மணம் தரையில் இருக்கிறது.

அந்த நேரம்தான் அந்தப் பழைய வரி நினைவுக்கு வந்தது, கொப்பியில் நான் எழுதி அடிக்கோடு போட்ட வரி. புரொப்பேன் காற்றிலும் பாரம். கசிந்தால் கீழே தங்கும்.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. "காஸ்! காஸ்! வெளியிலை போங்கோ!" என்று கத்தியதாக அப்பா சொல்லுகிறார். மதாமுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, அந்தச் சொல் அவவின் மொழியிலும் அதுதான். உன் அப்பாவின் கை, பழக்கத்தில், நன்றாகப் பார்க்க வேண்டும் என்று விளக்குச் சுவிச்சுக்குப் போனது. "தொடாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் நீ அழத் தொடங்கினாய். குச்சி இன்னும் என் கையில்தான் இருந்தது. தோட்டத்துக்கு வந்து புல்லில் நின்ற பிறகுதான் விரலை விரித்தேன்.

மதாம் ஓடிப்போய்த் தாங்கியின் வாயை மூடிவிட்டு வந்தா. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏதோ சொன்னா, பாதியில் நிறுத்தினா. அக்கா மொழிபெயர்க்கத் தயங்கினா. "என்னவாம் அக்கா?" என்று நான் கேட்டேன். "அது… வாசனை வந்துதாம். சமையல் வாசனையோன்னு நெனச்சிட்டாங்களாம்." பிறகு அக்கா தன் காலடியைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "நானுந்தாம்மா. காருலேருந்தே வந்துதே, அதான்."

உன் அப்பா உன்னை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்திருந்தார். "நீர் எப்பிடியப்பா கண்டுபிடிச்சனீர்?" என்று கேட்டார்.

"குனிஞ்சனான். மணந்தது."

"அப்பத்தானே மணந்தது?"

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு சொல்லில் இருந்து அவருடைய கதை தொடங்கியது. நான் திருத்தவில்லை. வீடு திரும்புகிற வழியிலேயே அக்காவுக்கு அதைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது புதிதில்லை, ராசா. நீ பிறந்து உன் பெயரைப் பதியப் போனபோது, எழுதிய பெண் ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதியதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து தலைகீழாகவே வாசித்தேன். "சரிதானே?" என்று கேட்டாள். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். சரி என்றேன். உன் பெயரைப் பிரெஞ்சில் வாசிக்கிறவர்கள் ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நீ ஒருநாள் கேட்பாய். காரணம் அதுதான். அவளுடைய பிழை ஒரு நொடிப் பிழை, நான் தலையாட்டியதுதான் நிலைத்துப்போனது. பணிவு என்று நினைத்துக்கொண்டு நான் செய்த வேலைகளில் பாதி, பிறர் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். நீ ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் ஒருதரம் தரையில் இருந்து பார். அந்த வீட்டில் ஆகச் சின்ன ஆளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில். கேட்க வேண்டியதை நீயே கேள், பிழையான பிரெஞ்சாக இருந்தாலும் பரவாயில்லை. உனக்காகப் பேச வருகிறவர்கள் நல்லவர்களாக இருந்தால், உன்னை நோகச் செய்யக் கூடாதென்று பாதியை விழுங்கிவிடுவார்கள்.

அந்த வீட்டை விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். நான்தான் விடவில்லை. காய்ந்த சுவரைத் தொட்ட கை விடச் சம்மதிக்கவில்லை. ஆனால் பழுது பார்க்கிற ஆள் வரும் நாளில் நானும் அங்கே நிற்பேன் என்று மதாமுக்குச் சொல்லச் சொன்னேன். போனோம். நீலச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர், வாளியில் சவர்க்காரத் தண்ணீரும் ஒரு தூரிகையும் கொண்டுவந்தார். தாங்கியில் தொடங்கி, பொருத்துப் பொருத்தாகத் தண்ணீரைப் பூசிக்கொண்டு வந்தார். அடுப்பின் பின்னால் ரப்பர்க் குழாயில் பூசினதும் நுரை ஊதத் தொடங்கியது. சின்னச் சின்னக் குமிழி, நிற்காமல். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். குழாயில் மாற்ற வேண்டிய வருடம் அச்சடித்திருந்தது, அது எப்போதோ போய்விட்டது. சுவரடித் துணியை அவரே இழுத்து எறிந்தார். இந்தக் காஸுக்குத் தனக்கென்று மணம் கிடையாது, ஆட்கள் கவனிக்க வேண்டும் என்றுதான் அந்த மணத்தைச் சேர்க்கிறார்கள் என்று அக்கா வழியாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாராவது வாய் திறக்கட்டும் என்று போட்ட மணம். அதை மணந்துதான் நாங்கள் வாயை மூடினோம்.

பிறகு நான் கைப்பையைத் திறந்து பெருங்காய டப்பாவை எடுத்தேன். இனி அந்த வீட்டில் சமைக்கப்போகிறவள் நான். நான் ரசம் வைக்கிற ஒவ்வொரு நாளும் மதாம் தீயணைப்புக்காரரைக் கூப்பிடக் கூடாது, காஸ் கசிகிற நாளில் ரசம் என்று இருந்துவிடவும் கூடாது. மூடியைத் திறந்து நீட்டி, என்னுடைய பிரெஞ்சிலேயே சொன்னேன்: "மதாம், இது நாங்கள். மற்றது காஸ்." மதாம் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்தா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தும் திரும்ப ஒருதரம் மணந்தா. எதற்குப் பாவிக்கிறது என்று கேட்டா. எனக்குச் சொல் வரவில்லை, உன் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அக்கா சர்வசாதாரணமாக, "பூர் லெ காஸ்," என்றா, "காஸுக்கு" என்று. அவர்கள் மொழியில் வயிற்றில் சேருகிற காற்றுக்கும் காஸ் என்றுதான் பெயர். நீலச் சட்டைக்காரர் தூரிகையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, தானும் மணந்து பார்த்து, "கிட்டத்தட்ட ஒன்றுதான், யாரும் ஏமாறுவார்கள்," என்றார். எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. மதாம் "ஓம், ஓம், யாரும் ஏமாறுவார்கள்" என்பது போலத் தலையாட்டினா, அக்காவும் ஆட்டினா, நானும் ஆட்டினேன். புதுக் குழாய் பூட்டி, திரும்ப நுரை பூசிப் பார்த்து, கடுதாசி எழுதித் தந்தார். வீட்டை எடுத்தோம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இதை மடித்து வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் உன்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லாமல் அந்த வீட்டில் போய் எப்படி இருப்பது? அப்பா இப்போதுதான் கயிறு வாங்கிக்கொண்டு வந்தார். வந்ததும் சொல்லிவிட்டேன். "இஞ்சேருங்கோ, அண்டைக்கு எனக்குக் குனிய முதலே மணந்தது. வாசல்லையே மணந்தது. பிள்ளையிலை இருந்து வருகுதெண்டு நினைச்சுச் சொல்லாமல் இருந்திட்டன். பிள்ளையைக் கொண்டுபோய்த் தரையிலை விட்டதும் நான்தான்." ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கட்டின பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். கயிற்றைச் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார்.

"எனக்கும் வாசல்லையே மணந்ததப்பா," என்றார்.

நான் அவருக்கு முன்னால் தரையில் குந்தினேன்.

"நீர் பூசின பெருங்காயம் எண்டு நினைச்சன். அந்த மனுசி மூக்கைச் சுழிச்சதைக் கண்டன். நான் வாய் திறந்தா நீர் கூனிப்போவீர் எண்டு, தாங்கியைப் பார்ப்பம் எண்டு சொல்லி ஆக்களை வெளியிலை கூட்டிக்கொண்டு போனனான். உங்கள் ரெண்டு பேரையும் உள்ளுக்கை விட்டிட்டு." கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "அதுதான் எல்லாரிட்டையும் உம்மடை மூக்கைப் பற்றியே சொல்லித் திரியிறன்," என்றார்.

பிறகு எழுந்து வந்து உன் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். உன் சட்டையை மெல்ல விலக்கி, வயிற்றில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து மணந்தார். இன்று காலையும் பூசியிருந்தேன். நீ நித்திரையில் காலை உதறினாய். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப மணந்து பார்க்க, ரெண்டும் ஒண்டே இல்லையப்பா."

"அண்டைக்கும் ஒண்டாய் இருக்கேல்லை," என்றேன்.

அம்மா